கொல்கத்தாவில் ஒன்றரை நாள்: மணி பார்த்துச் சாப்பிடுவது எப்படி

தெரியாத ஊரில் சாப்பாடு சரியாக அமையாமல் போனால் கடையைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை நாம் போன நேரத்தில் இருக்கும். கொல்கத்தாவில் காலை பத்தரைக்கு மேல் கொச்சுரி கேட்டால் ஆறியது கிடைக்கும், அல்லது எதுவுமே கிடைக்காது. மதியம் இரண்டரைக்கு மீன் சாப்பாட்டுக்குப் போனால் கரும்பலகையில் பாதிப் பெயர்களை அழித்திருப்பார்கள். மதுரையில் இரவு பத்து மணிக்குக் கல்லில் புரளும் பரோட்டாவை மதியம் மூன்று மணிக்குத் தேடினால் என்ன கிடைக்குமோ, அதுதான் அங்கேயும். எந்த ஊரானாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எந்தப் பண்டத்துக்கு எந்த மணி என்பது. கடைப் பெயர் அதற்கு அடுத்ததுதான்.

சனிக்கிழமை காலை இறங்கி ஞாயிறு மாலை கிளம்பும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாய்ப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். அதில் நல்ல பசி ஐந்து தடவை வந்தால் அதிகம். அந்தக் கணக்கை முதலில் கெடுப்பது விடுதியின் இலவசக் காலை உணவு. காலை உணவு இல்லாத அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். எட்டு மணிக்கு விடுதியில் ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டவருக்கு அந்த ஊரின் காலை முடிந்துபோகிறது. இரண்டு பேராகப் போனால் எதையும் ஒரு தட்டு வாங்கிப் பகிருங்கள். ஒரே கடையில் வயிற்றை நிரப்பக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. முதல் கடை நன்றாக இருந்துவிட்டால் அந்த உறுதி போய்விடும்.

ஊருக்குப் போகும் முன் அரை மணி நேர வீட்டுப்பாடம் போதும். கூகுள் மேப்ஸில் ‘சிறந்த உணவகங்கள்’ என்று தேடினால் வெளியூர்க்காரர்களுக்கு என்றே இருக்கும் கடைகள் மேலே வரும். பண்டத்தின் பெயரை, அதுவும் வங்க எழுத்தில், மொழிபெயர்ப்புச் செயலியிலிருந்து எடுத்து ஒட்டித் தேடிப் பாருங்கள். வேறு பட்டியல் வரும். விமர்சனங்களைப் ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்துங்கள். அறுபது பேர் சேர்ந்து 4.8 கொடுத்த கடையைவிட இரண்டாயிரம் பேர் 4.1 கொடுத்த கடையையே நம்பலாம், அதிலும் விமர்சனங்களில் பாதி வங்க மொழியில் இருந்தால். நட்சத்திரத்தைவிடப் பயனுள்ளது கூட்ட நேரம் காட்டும் பட்டை வரைபடம். காலை எட்டு மணிக்கு உச்சத்தில் இருந்து பதினொன்றுக்கு விழுந்துவிடும் கடை காலைக் கடை. அங்கே மாலையில் போய்ப் பயனில்லை. வாடிக்கையாளர் போட்ட படங்களில் தட்டைப் பார்ப்பதோடு பக்கத்து மேசையையும் பாருங்கள். முதுகில் பயணப்பை போட்டவர்களாகவே தெரிந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இன்னொரு கணக்கு தூரம். வடக்கே ஒரு கடை, தெற்கே ஒரு கடை என்று பட்டியல் போட்டால் நாள் முழுவதும் டாக்சியில் கழியும். நேரம் குறைவாக இருப்பவர்கள் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதே நல்லது. சனிக்கிழமைக்குப் புத்தகக் கடைகள் நிறைந்த கல்லூரித் தெருவும் (காலேஜ் ஸ்ட்ரீட்) அதற்கு வடக்கே உள்ள பழைய தெருக்களும் பொருத்தம். மெட்ரோவில் மகாத்மா காந்தி ரோடு நிலையத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிறன்று அந்தப் புத்தகக் கடைத் தெரு பெரும்பாலும் மூடிக்கிடக்கும், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

காலையில் கொச்சுரி. உளுந்து மாவும் பெருங்காயமும் வைத்துப் பொரித்த சின்னப் பூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளத் தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்குக் குழம்பு, சில கடைகளில் தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு. இரண்டிலும் லேசாகச் சர்க்கரை தெரியும். முதல் வாயில் நமக்கு இது இடிக்கும். பச்சை மிளகாய் ஒன்று கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டால் மூன்றாவது கொச்சுரியில் நாக்கு பழகிவிடும். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். எண்ணெய்ச் சட்டி எரிந்துகொண்டிருக்கிறதா என்று வாசலிலிருந்தே பாருங்கள். அடுக்கி வைத்ததை எடுத்துக் கொடுக்கும் கடையில் நிற்க வேண்டாம். குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி வைத்த கொராய்ஷுடிர் கொச்சுரி வரும். அது இருந்தால் மற்றதை விட்டுவிடலாம். கூடவே ஜிலிபி ஒன்று, அதுவும் சூடாக இருந்தால் மட்டும்.

அடுத்து மீன் சந்தை. வாங்குவதற்கில்லை, தெரிந்துகொள்ள. வடக்கே மானிக்தலா, தெற்கே கரியாஹாட் என்று பெரிய சந்தைகள் உண்டு. அன்று எந்த மீன் குவியலாக வந்திருக்கிறதோ அதுதான் மதியம் சொல்ல வேண்டிய மீன். பேட்கி என்பது நம் கொடுவா. பார்ஷே மடவை வகை. டெங்ரா கெளுத்தி. கொய் என்பது பனையேறிக் கெண்டை. இலிஷ் நம் உள்ளம் மீன். இலிஷுக்கு மழைக்காலம்தான் பருவம். முட்டையிட ஆற்றில் ஏறிவரும்போது கொழுப்புச் சேர்ந்திருக்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை தைரியமாகச் சொல்லலாம். மற்ற மாதங்களில் தட்டுக்கு வருவது பெரும்பாலும் குளிர்ப்பெட்டியில் கிடந்ததாக இருக்கும், விலை மட்டும் குறையாது. நம் கிழக்குக் கரையில் இருக்கும் அதே மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வங்கக் கடலோரத்துக்கும் உண்டு. அந்த இரண்டு மாதங்களில் போகிறவர்கள் கடல் மீனை மறந்துவிட்டு ஆற்று மீன், குளத்து மீன் பக்கம் போகலாம். பாப்தா, டெங்ரா, கொய் எல்லாம் அப்போதும் உயிர்த்துடிப்போடு வரும்.

மதியம்தான் இந்தப் பயணத்தின் நடு. அதற்கு ஒரு ‘பைஸ் ஹோட்டல்’ தேடுங்கள். 1957க்கு முன்பு ரூபாய்க்கு 64 பைசா, ஓர் அணாவுக்கு நான்கு. அந்தச் சில்லறைக் காசுக்கு ஊர்விட்டு வந்த மாணவர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் வீட்டுச் சாப்பாடு போட்ட இடங்கள் என்பதால் அந்தப் பெயர். கல்லூரித் தெருவை ஒட்டிய பவானி தத்தா லேனில் உள்ள ஸ்வாதீன் பாரத் இந்து ஹோட்டல் அந்த வகையில் நன்கு தெரிந்த பெயர். நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆசிரமம், தெற்கே ராஷ்பிஹாரியில் தருண் நிகேதன் இருக்கின்றன. அலங்காரம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மர மேசை, மின்விசிறி, வாழை இலை, சுவரில் கரும்பலகை, அவ்வளவுதான்.

இந்த இடங்களில் பழக்கம் இல்லாதவர்கள் தடுமாறுவது பில்லில். நம் ஊர் ‘சாப்பாடு’ போல ஒரே விலை கிடையாது. சோறு தனி, பருப்பு தனி, பொரியல் தனி, மீன் துண்டுக் கணக்கு. பல இடங்களில் இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் காசு. பரிமாறுபவர் கொண்டுவந்து காட்டுவார், அல்லது பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். தலையாட்டியதெல்லாம் கணக்கில் ஏறும். முடிந்ததும் அவர் கல்லாவைப் பார்த்து நீங்கள் சாப்பிட்டதைக் குரல் கொடுத்துச் சொல்ல, அங்கே கூட்டிச் சொல்வார்கள். இரண்டு பேருக்கு இரண்டு சோறு, ஒரு பருப்பு, ஒரு சுக்தோ, ஒரு காய், இரண்டு வகை மீன், ஒரு சட்னி போதும். பதினொன்றரையிலிருந்து ஒன்று வரை போனால் எல்லாம் இருக்கும். இரண்டைத் தாண்டினால் நல்ல மீன் தீர்ந்து ரோகு, கட்லா மட்டும் மிஞ்சும்.

சாப்பிடும் வரிசை முக்கியம், அதை மாற்றினால் ருசியும் மாறிவிடும். முதலில் கசப்பு. சுக்தோ என்பது பாகற்காய், வாழைக்காய், முருங்கைக்காய், கத்திரிக்காய், பருப்பு வடகம் போட்டுப் பாலோடு முடிக்கும் கூட்டு. மதியத்தில் மட்டும்தான் இருக்கும், இரவில் கேட்கக் கூடாது. அடுத்து பருப்பும் ஏதாவது ஒரு வறுவலும். பிறகு காய்: வாழைப்பூவில் செய்த மோச்சார் கொண்டோ, கசகசா அரைத்துச் செய்த ஆலு போஸ்தோ. அதன் பிறகு மீன், லேசான குழம்பு முன்னால், கடுகு அரைத்தது பின்னால். கடைசியில் இனிப்புத் தக்காளிச் சட்னியும் அப்பளமும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிச் சோற்றை ஒதுக்கித் தனித்தனியாகப் பிசைந்து சாப்பிடுவார்கள். நாம் செய்வது போல எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு மாறி மாறித் தொட்டால் கடுகின் காரம் ஏறி, கசகசாவின் மென்மை தெரியாமலே போய்விடும். அந்த கசகசாவுக்காகவே இந்த ஊருக்கு ஒருமுறை போகலாம்.

கடுகெண்ணெய் வாசம் சிலருக்கு முதலில் ஆகாது. மீனில் தொடங்காமல் கத்திரிக்காய் வறுவலில் தொடங்கினால் மூக்கு பழகும். இலிஷ் வாங்கினால் வயிற்றுத் துண்டு வேண்டும் என்று ‘பேட்டி’ என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். முதுகுத் துண்டான ‘காதா’வில் முடி போன்ற முள் அதிகம், பழகாத விரலுக்கு அது முழு மதியத்தையும் தின்றுவிடும்.

சைவர்களுக்கு இந்த ஊர் கொண்டாட்டம்தான், ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. பருப்பில் மீன் தலை போடுவது அங்கே விசேஷம். முட்டைக்கோஸிலும் கீரைக் கூட்டிலும்கூடப் போடுவார்கள். ‘வெஜ்’ என்று சொன்னால் போதாது. ‘நிராமிஷ்’ என்று சொல்லுங்கள். ‘மாச்சேர் மாதா நேய் தோ?’ என்று, அதாவது மீன் தலை இல்லையே என்று, ஒருமுறை உறுதி செய்யுங்கள். பருப்பு வடைத் துண்டுகளைக் குழம்பில் போட்ட தோக்கார் டால்னா, பால்கட்டி உருண்டை போட்ட சானார் டால்னா இரண்டையும் தவறவிட வேண்டாம்.

இன்னும் சில சொற்கள் கையில் இருந்தால் உபசரிப்பே மாறும். ‘தாதா’ என்பது அங்கே அண்ணன். நம் காதுக்கு எப்படிக் கேட்டாலும் தயங்காமல் கூப்பிடுங்கள். பெண்களை ‘திதி’. ‘ஆஜ்கே கீ மாச் ஆச்சே?’ என்றால் இன்றைக்கு என்ன மீன். ‘கொட்டா பொர்ஜொந்தோ?’ என்றால் எத்தனை மணி வரை. இந்த இரண்டாவது கேள்விதான் ஒரு வாரப் பயணத்துக்குச் சமமான தகவலைத் தரும். யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். டாக்சி ஓட்டுநரிடம் ‘நல்ல கடை எது’ என்றால் வெளியூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கும் பெரிய உணவகத்தில் இறக்கிவிடுவார், அதுவும் நல்லெண்ணத்தில்தான். மீன் வாங்க வந்தவரிடமோ விடுதிக் காவலாளியிடமோ, ‘உங்கள் வீட்டுக்கு இனிப்பு எந்தக் கடையில் வாங்குவீர்கள்?’ என்று கேளுங்கள். பண்டத்தைக் குறிப்பிட்டு, அவர் வீட்டைச் சேர்த்துக் கேட்டால் பதில் வேறாக வரும்.

வெயில் நேரத்துக்கு அதே வட்டாரத்தில் பாராமவுண்ட் இருக்கிறது, 1918இலிருந்து நடக்கும் சர்பத் கடை. இளநீரும் வழுக்கையும் சேர்ந்த ‘டாப் சர்பத்’ கேளுங்கள். அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் எதையும் தொடாமல் நடக்கவோ தூங்கவோ செய்யுங்கள். மாலைக்கு வயிறு வேண்டும்.

மாலை நாலரைக்குத் தெரு மாறிவிடும். எண்ணெய்ப் பலகாரங்களுக்குத் தேலேபாஜா என்று பெயர்: நீளக் கத்திரிக்காய்த் துண்டில் பேகுனி, வெங்காயத்தில் பெயாஜி, வாழைப்பூவில் சாப். பொரியோடு காகிதத்தில் சுருட்டித் தருவார்கள். புச்கா நம் ஊரில் பானிபூரி என்று விற்பதற்கு அண்ணன். உருளை மசியலில் புளியும் மிளகாயும் அங்கேயே பிசைந்து, புளித்தண்ணீரில் முக்கி ஒவ்வொன்றாக இலைத் தொன்னையில் வைப்பார்கள். வைத்தவுடன் வாயில் போட வேண்டும், படம் எடுத்துக்கொண்டு நின்றால் ஊறிப்போகும். முடிந்ததும் தண்ணீர் இல்லாத ஒன்று இலவசமாக வரும், அதற்கு ‘ஃபாவ்’ என்று பெயர், கேட்டு வாங்கலாம். வயிறு கெடுவது பெரும்பாலும் அந்தப் புளித்தண்ணீரில்தான். குடிநீர்க் குடுவையைக் கண்முன் வைத்து ஊற்றும் வண்டியாகப் பாருங்கள். சந்தேகம் வந்தால் தண்ணீரில் முக்காத சுர்முர் வாங்கிக்கொள்ளுங்கள், அதே மசாலாவை உடைத்த புச்காவோடு பிசைந்து தருவது.

இரவுக்கு ரோல். நியூ மார்க்கெட் பக்கம் நிஜாம் கடையில் பிறந்த பண்டம் இது. பரோட்டாவைக் கல்லில் பொரித்து, முட்டை ஒட்டி, கறி, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை வைத்துச் சுருட்டுவது. பல கடைகளில் தக்காளி சாஸை ஊற்றி ருசியை மூடிவிடுவார்கள். சுருட்டும் முன்பே ‘சாஸ் தேபேன் நா’ என்று சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு விடிகாலைக்கு திரெட்டா பஜார், பொத்தார் கோர்ட் கட்டடத்தின் பின்னால், சன் யாட் சென் தெருவில். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இந்த ஊருக்கு வந்து சேர்ந்த சீனர்களின் காலைச் சந்தை. பெரும்பாலான குடும்பங்கள் வெளிநாடு போய்விட்டன. விற்பவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மீன் உருண்டை சூப், உள்ளே கறி வைத்து ஆவியில் வேகவைத்த பாவ், ஷுமாய், எள் தூவிய உருண்டை. ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும், எட்டரைக்குள் சட்டிகள் காலியாகிவிடும். ஞாயிறன்று மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும், ஆகவே முதல் நாள் இரவே வாடகைக் கார் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகக் கையில் வையுங்கள். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்க வேண்டும், எல்லாப் பாவும் வெளியே ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டாம் நாள் மதியம் பிரியாணி. ஆம்பூர், திண்டுக்கல் நினைவோடு போனால் ஏமாற்றமாகத் தெரியும். இது 1856இல் லக்னோவிலிருந்து வந்து இந்த ஊரின் மேட்டியாபுருஸ் பகுதியில் தங்கிய நவாப் வாஜித் அலி ஷாவின் வழி. நீள அரிசி, மசாலா குறைவு, வாசனை அதிகம், நடுவில் முழு உருளைக்கிழங்கு. சால்னா வராது. அந்த உருளை கறிச்சாற்றையும் குங்குமப்பூ வாசத்தையும் உள்வாங்கி வெந்திருக்கிறதா என்பதுதான் கடையை அளக்கும் கல். விரலால் அழுத்தினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. பன்னிரண்டரைக்குப் போங்கள், அண்டா புதிதாகத் திறந்திருக்கும். லேக் மார்க்கெட் பக்கம் பழைய தமிழ்க் குடியிருப்பும் நல்ல இட்லிக் கடைகளும் உண்டு. ஒரு வாரம் தங்குகிறவர்களுக்கு அது ஆறுதல். ஒன்றரை நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனிப்பைச் சாப்பாட்டின் கடைசியில் வைக்காமல் தனி வேளையாக வையுங்கள். காலை பதினொன்று அல்லது மாலை ஆறு. ராம்துலால் சர்க்கார் தெருவில் கிரீஷ் சந்திர தே – நகுர் சந்திர நந்தி கடை 1844இலிருந்து பால்கட்டி இனிப்பான சந்தேஷ் மட்டும் செய்து வருகிறது. கம்பி வைத்த ஜன்னல் வழியே வாங்கித் தெருவிலேயே நின்று சாப்பிடுவது. ‘நொரம் பாக்’ என்பது இளம்பதம், அன்றே தின்ன வேண்டும். ‘கொடா பாக்’ கெட்டிப் பதம், இரண்டு மூன்று நாள் தாங்கும். ஊருக்கு வாங்குவது அதுதான். மிஷ்டி தோய் என்னும் இனிப்புத் தயிரைச் சின்னக் குவளையில் வாங்குவதைவிடப் பெரிய மண்சட்டியிலிருந்து வெட்டித் தரும் கடையில் வாங்குங்கள். மண் நீரை உறிஞ்சியிருப்பதால் கத்தி போட்டால் அப்படியே நிற்கும். மேலே செம்பழுப்பு ஆடை இருக்க வேண்டும்.

டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை போகிறவர்களுக்கு ஈச்சம்பதநீரில் காய்ச்சிய நோலேன் குர் கிடைக்கும். நம் கருப்பட்டிக்கு உறவு, ஆனால் புகை வாசம் இளசாக இருக்கும். உள்ளே பாகு ஊற்றிய ஜொல்பொரா சந்தேஷை ஓரத்தில் மெல்லக் கடித்து முதலில் பாகை உறிஞ்சுங்கள், இல்லாவிட்டால் சட்டையில் வழியும். வீட்டுக்கு எடுத்து வர வட்டாகக் காய்ச்சிய ‘பாட்டாலி’ வாங்குங்கள். நகத்தால் கீறினால் உள்ளே மென்மையாக உதிர வேண்டும். கல் போல இருந்தால் சர்க்கரை கலந்தது. திரவமான ‘ஜோலா குர்’ போத்தல் அருமையானதுதான், ஆனால் சூட்டில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் போத்தலில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு, இரட்டை உறையில் கட்டி, சரக்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். வீடு சேர்ந்ததும் குளிர்ப்பெட்டியில்.